நீங்கள் அழைத்த எண்

சகல வாடிக்கையாளப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், வருகிற முதல் தேதியிலிருந்து மனிதன் சுதந்திரம் அடைகிறான். கைப்பேசிக் கம்பெனி பிடிக்கவில்லையென்றால், நம்பரை மாற்றாமலே அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம். உங்கள் எண் உங்கள் சொத்து. இத்தனை வருஷமாக அந்தச் சொத்தைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று அறிவிப்பில் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

அறிவிப்பை லிஃப்ட் பக்கத்திலும், கழிவறைக் கதவிலும், தண்ணீர் கேனுக்கு மேலேயும் ஒட்டியிருந்தார்கள். அதன் நிழலில், பஞ்சு உரிந்த ஹெட்போன்களை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், போகிறேன் என்கிறவனைப் போகவிடாமல் பேசுவது எப்படி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேற கம்பெனிக்குப் போறேன். உங்க சிக்னல் எங்க வீட்டு மொட்டைமாடியில மட்டும்தான் கிடைக்குது!" பக்கத்து சீட்டுக்காரி கோபக்கார வாடிக்கையாளராகக் கத்தினாள்.

"தினமும் மாடி ஏறி இறங்கினா மூட்டு வலி வராதுங்க," என்றாள் லைன் அக்கா.

வரிசையே சிரித்தது. கண்ணாடி ரூமிலிருந்து மேனேஜர் தலையை நீட்டியதும் சிரிப்பு நின்று, எல்லார் முகத்திலும் வாடிக்கையாளர் சேவை வந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லியே லைன் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது. கம்பெனி தொடங்கிய காலத்து ஆள். அப்போது ஒரு நாள், சரக்கறையில் கம்பளி தொங்கவிட்டு அவளை உட்கார வைத்து, "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். சும்மா சோதனைக்கு, பிறகு நல்ல பாடகியாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பாடகி இன்னும் வந்து சேரவில்லை. செத்துப்போன நம்பரை எவர் கூப்பிட்டாலும் இன்றைக்கும் அவள் குரல்தான் பதில் சொல்கிறது.

"வீட்லயும் நீ அதத்தான சொல்ற," என்பான் அவள் கணவன். லேத் பட்டறைக்காரன். இரும்புத் தூள் தெறித்து இரண்டு கருவிழியும் வெளுத்துப்போய், இப்போது வாசல் பக்கம் வெளிச்சம், சுவர் பக்கம் இருட்டு என்ற அளவுக்குத்தான் பார்வை. பாதுகாப்புக் கண்ணாடி முதலாளியின் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் கருவிழிக்காகப் பெயர் பதிந்திருந்தார்கள். யாராவது இறந்து, வீட்டார் சம்மதித்துக் கண் கொடுத்தால் ஆஸ்பத்திரி கூப்பிடும். கூப்பிட்டதும் கிளம்பி வரவேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அட்டையில் ஒரு நம்பருக்குத்தான் கட்டம் இருந்தது. அவள் நம்பரைத்தான் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

"கண்ணு வந்ததும் மொதல்ல உன் மூஞ்சியப் பாக்கணும்," என்பான்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு மறுபடி மூடிக்கிறேன். ஏற்கெனவே பார்த்த படம்தான?"

ஒத்திகை முடிந்ததும் மேனேஜர் அவளைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார். முதல் தேதிக்கு முன்னால் சோதனைக்காக, இந்தக் கம்பெனியிலிருந்து போட்டிக் கம்பெனிக்கு ஒரு நிஜ நம்பரை அனுப்பி, திரும்ப வாங்கிப் பார்க்க வேண்டும். புது நம்பர்கள் எல்லாம் சுலபமாகப் போய் வந்துவிட்டன. பழைய மெஷினில் இருக்கும் ஆதிகாலத்து நம்பர் ஒன்று வேண்டும். ஊழியர்களில் அவளிடம் மட்டும்தான் அது இருந்தது.

"வரலாற்றுல உங்க பேர் வரும்மா," என்றார்.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. வேற யாராச்சும்..."

"பத்து நிமிஷம். நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நம்பர் போயிட்டு வந்துரும்."

"என் நம்பர் சார் அது."

"உங்க நம்பரா?" மேனேஜர் பரிவோடு சிரித்தார். "நம்பர் கம்பெனியோடதும்மா. உபயோகிக்கிற அனுமதிதான் உங்களது." அவர் தலைக்குப் பின்னால் சுவரில், உங்கள் எண் உங்கள் சொத்து என்று பெரிய எழுத்தில் மின்னியது.

மறுநாள் காலையில் அவளுடைய நம்பரை அனுப்பினார்கள். அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும் ஹாலில் கை தட்டினார்கள். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தாள். போனில் சிக்னல் கோடு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இல்லை.

மெஷின் ரூமில், எல்லாரும் ஒயர் அண்ணன் என்று கூப்பிடும் டெக்னீஷியன், ஒரு ஸ்குரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, என் நம்பர் எங்கண்ணே?"

"எப்படிச் சொல்றது தங்கச்சி. அவங்க திருப்பிக் குடுத்துட்டோம்ங்கிறாங்க. நம்ம மெஷின், வெளிய போன நம்பர் எனக்கு வேணாம்ங்குது. ரெண்டு பேரும் கையை விட்டுட்டாங்க. நடுவுல நிக்குது."

"எப்ப வரும்?"

"மேல எழுதி அனுப்பியிருக்கோம். மேல இருக்கவங்க விழா மேடைக்குப் பூ வாங்கப் போயிருக்காங்க."

நம்பர் திரும்பி வரும்வரைக்கும் அதற்கு யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. தெரியும்.

மேஜைத் தொலைபேசியில் வெளியே பேசப் பூட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரியின் போனை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் மணி அடித்து, பாட்டு வந்து, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். மறுபடி பாட்டு. கடைசியில் கண் வார்டில் ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் பேர் லிஸ்ட்ல இருக்கு. என் நம்பர் இன்னிக்கு வேலை செய்யல. அதான், வேற நம்பர் ஒண்ணு சொல்றேன், குறிச்சுக்குங்க..."

அட்டை எண்ணைக் கேட்டாள் நர்ஸ். காகிதம் புரளும் சத்தம் வந்தது.

"அய்யோ அம்மா. காலையிலயே கூப்பிட்டேனே. ரெண்டு கண்ணு வந்துச்சு. அதுல ஒண்ணு உங்களுக்குத்தான்."

லைன் அக்கா கதவில் கை வைத்துக்கொண்டாள். கை வைத்த இடத்தில் அறிவிப்பு வழவழவென்றிருந்தது.

"இன்னொரு தடவ போட்டுப் பாத்திருக்கலாமே சிஸ்டர்."

"போட்டேம்மா. திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு ஒரு பொம்பள சொல்லிட்டே இருந்துச்சு. அவ்வளவு தெளிவாச் சொன்னா நான் என்ன செய்யட்டும்? அடுத்தவங்களக் கூப்பிட்டுட்டோம். தியேட்டருக்கே கொண்டு போயாச்சு."

"மறுபடி எப்ப வரும் சிஸ்டர்?"

"அது நம்ம கையிலயாம்மா இருக்கு?"

ஹாலில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஹலோ, ஹலோ என்றார் மேனேஜர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி எந்த வாடிக்கையாளரின் எண்ணும் அவர் கையை விட்டுப் போகாது என்று படித்துப் பார்த்தார். கை தட்டலுக்கும் ஒத்திகை நடந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, போனைத் திருப்பிக் கொடுத்து, ஹெட்போனை மாட்டினாள். அடுத்த அழைப்புக்கான விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வணக்கம். சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலை அவளுடைய நம்பர் வேலை செய்தது.