மூக்கு விவகாரம்: திருத்திய பதிவு

1

அன்று ஆஜரானவர்கள்: இந்தப் பக்கம் பெரியவர், அவருடைய மனைவியின் தம்பி. அந்தப் பக்கம், கைப்பேசித் திரைக்குள், மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, உயர நாற்காலியில் வார் போட்டுக் கட்டிவைத்த பேரன். வேறு யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் அங்கே இல்லை. மகனின் மாமனார் இல்லை. ஆனால் இவர்கள் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தது போலப் பேசுகிறார்கள். காரணம், மனைவியின் தம்பி. குடும்பத்தில் அவருக்கு வானொலி என்று பெயர். அணைக்கும் குமிழ் வைக்காமல் செய்த வானொலி.

இந்தக் கதை பிறந்த காரணம் அவ்வளவுதான். கலை ஆசை எதுவும் இல்லை. நடந்ததை அவர் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் மானம் ஆளுக்கொரு விதமாக இருக்க முடியாது. ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

இதில் ‘நான்’ வராது. பெரியவர் நாற்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அங்கே ‘நான்’ என்று எழுதினால் அது சாட்சி சொன்ன ‘நான்’. எழுதுகிறவருக்கும் பெரியவருக்கும் என்ன உறவு என்று கேட்கும் வாசகர், தயவுசெய்து தன் வேலையைப் பார்க்கவும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “மாலைச் சூரியன் மெல்ல மெல்ல” — வேண்டாம். சூரியன் அங்கே ஆஜராகவில்லை.

இரண்டாவது: “ஒரு பிஸ்கட் இரு உள்ளங்களை” — சீ.

நடந்ததையே சொல்லிவிடலாம். ஏற்பாடு மருமகளுடையது. ஞாயிறுதோறும் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி பிஸ்கட், நடுவில் ஜாம் வைத்தது. இங்கே மாலைத் தேநீர், அங்கே காலைப் பால். பேத்தி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லோரும் ஒன்றாகக் கடிக்க வேண்டும்.

பெரியவருக்கு அப்போதே எரிச்சல். “சாப்பிடறப்ப வாயைப் படம் பிடிக்கறது என்னம்மா பழக்கம்?”

“சும்மா பேசச் சொன்னா பசங்க ஓடிடறாங்க மாமா. திங்க ஏதாவது இருந்தாத்தான் உக்காருவாங்க,” என்றாள் மருமகள்.

அது உண்மை. அதுவரை பெரியவர் பேசியதெல்லாம் பேரனின் முதுகிடமும், ஆள் எழுந்துபோன சோபாவிடமும்தான். பிஸ்கட் வந்தபிறகு பேத்தி தட்டு காலியாகும்வரை நகரவில்லை. (சனிக்கிழமை பேக்கரியில் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜாம் ஓரத்துக்கு ஒதுங்காத பிஸ்கட்டாகப் பொறுக்குவார் என்று பேக்கரிக்காரர் சொல்லக்கூடும். அதை இங்கே எழுத அவசியமில்லை.)

பேத்தியின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் குறிலும் நெடிலும் நாற்காலி மாறி உட்காரும். ஒரு முறை, “தாத்தா, நான் பல் குடிச்சிட்டேன்!” என்றாள். “எத்தனை பல்லு?” என்று கேட்டார் பெரியவர். அவள் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். இது இந்த இடத்தில் எதற்கு வந்தது என்று தெரியவில்லை. பிறகு அடித்துவிடலாம்.

3

அந்த ஞாயிறு. மூன்று சொல்லியாயிற்று. பெரியவர் பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோனார்.

“ஐயோ, கடிக்காதே! தாத்தா, மூக்கு!”

பெரியவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

“மூக்குக்கு என்ன?”

“மூக்கு தாத்தா! மூக்கு! நல்ல்லா மூக்கு!” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேரனும் தன் பங்குக்கு நாற்காலியில் குதித்து “மூக்கு” என்றான்.

இந்தப் பக்கம் வானொலிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “போனை அவ்வளவு கிட்ட வெச்சா குழந்தை என்ன அத்தான் பண்ணும்? அங்க அவங்களுக்கு உங்க மூக்கு மட்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் மூக்குக்குப் பின்னாடி எங்கயோ இருக்கும்.”

வாசகருக்கு ஒரு விளக்கம். இந்தக் குடும்பத்து மூக்கு சாதாரண மூக்கு அல்ல. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் என் தகப்ப — பெரியவரின் தகப்பனாருடைய மூக்குதான் முதலில் வந்து வரவேற்கும். முகம் பிறகு வரும். பள்ளிக்கூடத்திலும் கல்யாணப் பந்தியிலும் நீதிமன்ற வராந்தாவிலும் அந்த மூக்கைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொன்னதுண்டு. ஒருவருக்கும் பெரியவர் பதில் சொன்னதில்லை. ஆனால் சொந்தப் பேத்தி. அதுவும் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ கூட இல்லாமல்.

அவர் மகனைப் பார்த்துக் கேட்டார்: “பெரியவங்க மூக்கைக் கேலி பண்ணத்தான் அங்க சொல்லித் தர்றீங்களா?”

“அப்பா, ஒரு நிமிஷம் இருங்க, அவ என்ன சொல்றான்னா...”

பெரியவர் அழைப்பைத் துண்டித்தார்.

துண்டிக்கும்போது திரையில் இருந்தது, பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக: மகன் பாதி எழுந்த நிலையில். மருமகள் கையில் துடைக்கும் துணி. பேத்தி சிரிப்பு அடங்காமல், பிஸ்கட்டைப் பால் டம்ளருக்கு நேர் மேலே பிடித்தபடி.

மகன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான். திறக்கவில்லை. அதன்பிறகு அவனும் கூப்பிடவில்லை. கோபமும் மூக்கு நுனியில் இருக்கும் குடும்பம். தகப்பனிடமிருந்து மூக்கு மட்டும் தனியாக வருமா?

4

இங்கே கதை நின்றுவிட்டது. காரணம் பேத்தி. திமிர் பிடித்த குழந்தையாக அவளை எழுதிப் பார்த்தாயிற்று, ஒட்டவில்லை. கேலி செய்கிற குழந்தை விரலை நீட்டிக் காட்டும், அல்லது வாயைப் பொத்திக்கொள்ளும். இவள் கையில் பிஸ்கட் இருக்கிறது. அதுவும் டம்ளருக்கு மேலே. அந்த வரியை அடிக்கலாம் என்றால், நடந்ததை அடிக்க இந்தக் கை பழகவில்லை. ‘கடிக்காதே’ என்றாள். கடிக்காமல் பிஸ்கட்டை வேறு என்ன செய்வார்கள்?

பால், பல்.

மூக்கு, மு

(எழுதுகிறவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.)

முக்கு. தேநீரில் முக்கு, தாத்தா. நல்லா முக்கு.

குறிப்பு: பெரியவரின் காதில் தவறில்லை. அவள் சொன்னது மூக்குதான். ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்ட காது அது. என்ன சொன்னார்கள் என்பதுதான் சுருக்கெழுத்தாளரின் பொறுப்பு. அதற்கு என்ன பொருள் என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். அன்று நீதிபதி ஆஜராகவில்லை.

5

முடிவு ஒன்று. அவர்களே கூப்பிடுகிறார்கள். முறை அதுதான். இந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் கூப்பிடுவதில்லை. அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறு கைப்பேசி வாயே திறக்கவில்லை. வாங்கிவைத்த பிஸ்கட் நமுத்துப்போனது. அதை வானொலி தின்று தீர்த்தார்.

“நீங்களே ஒரு தடவை கூப்பிட்டா மூக்கு தேஞ்சா போயிடும் அத்தான்?”

“திங்கறதை மட்டும் பாரு.”

“அக்கா இருந்திருந்தா இந்நேரம் நம்பரைப் போட்டு உங்க காதுல திணிச்சிருக்கும்.”

முடிவு இரண்டு. பெரியவர் கூப்பிடுகிறார். கூப்பிட்டு? “தாத்தாவை மன்னி” — இந்தப் பேனாவில் அந்தச் சொல் முழுதாக இறங்கவில்லை. ஒருவேளை மை தீர்ந்திருக்கலாம்.

முடிவு மூன்று. இரண்டு பக்கமும் ஒரே நொடியில் கூப்பிட, இரண்டு பக்கமும் ‘பிஸி’ என்று வருகிறது. மானம் தப்பித்தது. ஆனால் இதை யார் நம்புவார்கள்?

வாசகர் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் இங்கே கையெழுத்துக் கிடையாது.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். வானொலி இப்போது மருந்துக்கடையில் புதிதாக ஒன்று சொல்லித் திரிகிறாராம். போன ஞாயிறு பெரியவரே முதலில் கூப்பிட்டாராம். ஹலோகூடச் சொல்லாமல் பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி, “மூக்கட்டுமா?” என்று கேட்டாராம். பேத்தி, “மூக்கு! மூக்கு!” என்று கத்த, பாதி பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழும்வரை மூக்கினாராம். அதைப் பார்த்து அவள் நாற்காலியிலிருந்து சரிந்து சிரிக்க, பெரியவர் தேநீரைக் குடித்தபடி அழுதாராம்.

அழவில்லை. தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.