அடித்த வரி படிக்கும்படி இருக்க வேண்டும்

1

இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஆனி மாதம், புதுச்சேரிப் பேருந்து நிலையம், அரியாங்குப்பம் வழியாகச் செல்லும் பேருந்தின் முன்படி. இருபத்தாறு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர், வலது முழங்காலுக்குக் கீழே கால்சட்டைத் துணியைக் கையால் பற்றி, தம் காலைத் தூக்கிப் படிமேல் வைத்தார். மூட்டையை எடுத்து வைப்பதுபோல. பின்னால் நின்ற பெண்மணி, "ஏறு தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். வண்டி போய்விட்டது. நான் ஏறவேண்டியது வேறு வண்டி.

வீட்டுக்கு வந்து உயிரியல் பாடநூலைத் திறந்தேன். நாற்பத்தொன்பதாம் வயதில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதி, உயிரியலில் எழுபத்திரண்டு மதிப்பெண் பெற்றவருக்கு அந்நூலைத் திறக்கும் உரிமை உண்டு. "தசை என்பது சுருங்கி விரியும் தன்மையுடைய திசு" என்று இருந்தது. பிழையற்ற வாக்கியம். ஆனால் அந்தக் கையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஆகவே எனக்கு ஓர் அறிவியலாளர் தேவைப்பட்டார். இல்லாததால் படைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்:

[அடித்தது: முனைவர் கார்குழலி தம் வாழ்நாளில் ஒரு பிழையும் செய்ததில்லை.]

இத்தகையோரை நம் ஊரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் மட்டுமே காண முடியும்.

இரண்டாம் தொடக்கம்:

[அடித்தது: மரபுவழித் தசைநோய்களுக்கு மருந்தே கிடையாது என்பதைக் கார்குழலி அறிவார். வெளியே மழை]

மழையை எழுதும்போதே கூச்சமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். துயரத்தில் முடிந்தால்தான் கதைக்கு மதிப்பு என்று நானும் நெடுநாள் நம்பியதுண்டு.

அடித்தவற்றை அழித்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். இது கார்குழலியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி. லாஸ்பேட்டையில் உள்ள அவரது ஆய்வுக்கூடத்தில் (அதுவும் நான் கட்டியதே) குறிப்பேட்டை ரப்பரால் அழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது. தவறான வரியின்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம். அடித்த வரி படிக்கும்படி இருக்க வேண்டும். ஆய்வு மாணவி சந்திரகலாவிடம் பறிமுதல் செய்த வெள்ளை மைக் குப்பிகள் மூன்று, கார்குழலியின் மேசை இழுப்பறையில் உள்ளன.

3

கார்குழலியின் ஆய்வுப்பொருள், பெற்றோர் வழியாக வரும் தசைநோய்கள். அவற்றுள் இருவகையை இங்கே பிரித்தறிவோம். ஒன்று, தசையின் கட்டமைப்பே சிதைவது. மற்றொன்று, தசை ஓரளவு நன்றாகவே இருந்தும், தனக்குரிய எரிபொருளை அதனால் எரிக்க முடியாமல் போவது. பானை நிறைய அரிசி இருக்கும், அடுப்புத்தான் பற்றாது. பின்னது வளர்சிதை மாற்றக் கோளாறு எனப்படும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இந்நோய்கள் பலவற்றில், குறையுள்ள மரபணுவின் ஒரு படி தாயிடமும் ஒரு படி தந்தையிடமும் இருக்கும். இருவருக்கும் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேரும்போதுதான் நோய். இதில் எவரது குற்றமும் இல்லை. இந்த வரியைப் பாடநூலிலும் சேர்த்திருக்கலாம்.)

மூன்றாண்டுகளுக்கு முன் சிலம்பரசன் என்னும் இளைஞனை அவன் தாய் மணியம்மாள் கார்குழலியிடம் அழைத்துவந்தார். அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஒரு கிராமம், உழவர் குடும்பம். சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்குப் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை. தொடைகள் வலுவிழந்திருந்தன. இரத்தத்தைத் தடித்த தாளில் சொட்டுச்சொட்டாக எடுத்துச் சோதித்ததில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. கார்குழலி தம் கையால் எழுதினார்: "வளர்சிதை மாற்றக் கோளாறு இல்லை. தசைச் சிதைவு. மருந்தில்லை. ஆண்டுக்கு இருமுறை பார்க்க."

4

இந்த ஆண்டு, சித்திரை. சிலம்பரசன் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ எத்தனை நொடி ஆகிறது என்று கார்குழலி அளந்தார். பழைய அளவுகளோடு ஒப்பிட்டார். தாம் இதுவரை அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனியில் மோசம், ஐப்பசியில் தேறுகிறது, மறு ஆனியில் மீண்டும் மோசம். சிதைந்த தசை இப்படித் திரும்பி வராது.

"வருஷா வருஷம் வைகாசி முடிஞ்சாதான் ஓஞ்சி போறீங்க. அப்ப என்ன பண்றீங்க?"

"தீ மிதிக்கிறேன் மேடம்" என்று சிரித்தான் சிலம்பரசன்.

"தீ பாதத்தைத்தானே சுடும்? தொடை ஏன் ஓயணும்?"

"அதுக்கு முன்னாடி காப்பு கட்டி பதினெட்டு நாள் விரதம். ராவுக்குப் பாலும் பழமும்தான்."

"அதோட கம்பெனிக்கும் போவான் டாக்டரம்மா" என்றார் மணியம்மாள். "சொன்னா, ஆத்தா பாத்துப்பான்னு சொல்வான். பெட்டிய ஆத்தாவா தூக்குறா?"

கார்குழலி பழைய தாளைப் புரட்டினார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி, விரதம் முடிஞ்ச மறுவாரம் ரத்தம் எடுத்திருக்கோம். வெறும் வயித்தோட வரச் சொன்னோம்ல?"

மணியம்மாள் மடியிலிருந்த கூடையின் பிடியைப் பார்த்தார்.

"சொன்னீங்க. புள்ள பதினெட்டு நாள் காஞ்சி கெடந்தான். ஒரு வாரமா மூணு வேளையும் ஊட்டாத கொறையாப் போட்டுத் தேத்தி வெச்சிருந்தேன். திரும்ப வெறும் வயித்துல ரத்தம் எடுக்கறதான்னு, வாசல் கடையில நாலு இட்லியும், சக்கர தூக்கலா ஒரு டீயும் வாங்கிக் குடுத்துட்டேன். உள்ள கேட்டாங்க. சாப்புடலன்னுட்டேன்."

[அடித்தது: "உங்களால்தான் மூன்றாண்டுகள் வீணாயின" என்றார் கார்குழலி.]

எழுதிப் பார்த்தேன். அவர் சொல்ல மறுத்தார். இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கிருந்த ஐயம் அன்றுதான் தீர்ந்தது. மணியம்மாள்தான் கேட்டார்:

"அப்ப நான் சோறு போட்டதாலதான் மூணு வருஷம் போச்சா?"

"சோறு போட்டதாலதாம்மா அவரு ஒவ்வொரு வருஷமும் எழுந்தாரு. பட்டினி கெடந்தா ஒடம்பு கொழுப்ப எரிக்கணும். இவரு ஒடம்புக்கு அது வரலபோல. வயிறு நெறஞ்சிருந்தா ரத்தத்துல அது தெரியாமப் போயிடும். நீங்க தெரியாமலே வைத்தியம் பாத்திருக்கீங்க. விரதம் இருக்கீங்களா, என்ன சாப்பிட்டீங்கன்னு ஒக்காந்து கேக்க வேண்டியது நானு. கேக்கல."

அவர்கள் எதிரிலேயே குறிப்பேட்டைத் திறந்து, தம் வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். தேதியிட்டார். ஒப்பமிட்டார். கீழே எழுதினார்: "கொழுப்பை எரிப்பதில் கோளாறு இருக்கலாம். ரைபோஃபிளேவின் கொடுத்துப் பார்க்க."

5

"நரம்பு டாக்டர் கோபிநாத் இன்னிக்கே எழுதிக் குடுப்பாரு. ஒரு வைட்டமின் மாத்திரைதான். நான் நெனைக்கிற நோயா இருந்தா பெரும்பாலும் கேக்கும். வேறயா இருந்தா கேக்காது. மரபணு சோதனைக்கும் ரத்தம் அனுப்பறேன். ஆனா விரதம் மட்டும் கூடவே கூடாது. இன்னொரு தடவ படுத்தா எழுந்திரிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் கார்குழலி.

சிலம்பரசன் தலையசைத்து மறுத்தான். காப்புக் கட்ட இன்னும் பன்னிரண்டே நாள்.

"போன வருஷம் குழி ஓரத்துல விழுந்துட்டேன் மேடம். சுத்தமில்லாம எறங்கிட்டான்னு ஊரே பேசுச்சு. இந்த வருஷம் எறங்கலன்னா அது நெசம்னு ஆயிடும்."

இவ்விடத்தில் நான் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். என் பாடநூலில் இதற்கு விடை இல்லை. மணியம்மாளிடம் இருந்தது.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அவளும் அஞ்சி புள்ள பெத்தவதான். புள்ளைக்குச் சோறு போட்டேன்னா கோச்சிக்க மாட்டா."

"ஊர்கிட்ட?"

"ஊருக்கு அந்தக் காயிதத்தக் காட்டுறேன்." கார்குழலியிடம் திரும்பினார். "ஒரு ஜெராக்ஸ் குடும்மா. கோடு போட்டது தெரியற மாதிரி. இத்தன படிச்சவங்களே தப்புன்னு அடிச்சிருக்காங்கன்னா, எம்புள்ள மேல சொன்னதையும் ஊரு அடிக்கட்டும்."

தம் குறிப்பேட்டின் பக்கத்தை எவருக்கும் கொடுத்தறியாதவர் கார்குழலி. அப்பக்கத்தில் அவரது பிழை இருந்தது. அடியில் அவர் பெயரும் இருந்தது. அவர் எழுந்து போய், நகல் எடுத்து, கோடு தெளிவாக விழவில்லை என்று கண்டு, இன்னொரு முறை எடுத்துவந்து கொடுத்தார்.

6

வைகாசித் தீமிதியில் சிலம்பரசன் இறங்கவில்லை. பூசாரி அந்த நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "அவங்களே அடிச்சாங்களா?" என்று இருமுறை கேட்டார் என்றும், மூன்றாம் முறை கேட்காமல் மணியம்மாளுக்கு முதலில் திருநீறு கொடுத்தார் என்றும் எழுதுகிறேன்.

மாத்திரை தொடங்கிய மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு. "மேடம், ஒண்ணுக்கு மஞ்சளாப் போவுது." "அது மாத்திரையோட நெறம். போவட்டும்."

[அடித்தது: இந்த மஞ்சளையும் காப்புக் கயிற்றின் மஞ்சளையும் ஒப்பிட்ட ஒரு பத்தி. அழகாகத்தான் இருந்தது.]

7

முடிவுகளுக்கு வருவோம். மரபணுச் சோதனை கார்குழலியின் ஊகத்தை உறுதிசெய்யலாம். உறுதிசெய்யாமலேயே சிலம்பரசன் தேறலாம். இரண்டும் நடக்காமல், அவர் மறுபடியும் ஒரு கோடு இழுத்து அடுத்த வரியைத் தொடங்கலாம். அறிவியலில் மூன்றும் நடப்பவையே. எனக்கு எது வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து, ஆனி மாதம். அதே பேருந்து நிலையம். மணியம்மாள் முதலில் ஏறிவிட்டார். கீழே சிலம்பரசன் நிற்கிறான். வழக்கமாகக் காலைத் தூக்கும் வலக்கையில் அம்மாவின் கூடை. இடக்கை சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுத்துக்கொண்டிருக்கிறது. நடத்துநர் விசில் அடித்துவிட்டார்.

[அடித்தது: கூடையை இறக்கி வைக்காமலே ஏறினான்.]

பொய் என்பதால் இதை அடிக்கவில்லை. நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் அடித்தேன். சென்ற ஆண்டு நான் பார்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரிடம் எவரேனும் உட்கார்ந்து கேட்டார்களா என்பதும் தெரியாது. ஆயினும் ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன், நன்றாகப் படிக்கலாம்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் முன்படியைப் பாருங்கள். பார்த்ததை அவ்வரியின் பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, ஒப்பமிடுங்கள்.