சாக்கு கட்டிய கண்ணாடி

"வண்டியக் கொண்டாங்க அண்ணாச்சி, நானே மாட்டித் தாரேன்" என்று கோவில்பட்டி ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "வேண்டாம், நானே மாட்டிக்கிடுதேன்" என்று தங்கச்சாமி தன் பிக்கப் வண்டிக்கு வாங்கின பக்கக் கண்ணாடி ஜோடியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நாகலாபுரம் வந்து சேர்ந்தான். பிக்கப்பைக் கடைவரைக்கும் ஓட்டிப் போகத் தைரியமில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வண்டி சித்திரையிலிருந்து ஆட்டுத்தொழு பக்கத்திலேயே கிடந்தது. இனிமேல் கிடக்க முடியாது. விதைப்பு தொடங்கிவிட்டால் கரிசலில் ஆடு கால் வைக்க இடம் ஏது? மந்தையை அப்புறப்படுத்தியாக வேண்டும். பெரிய ஆடுகள் நடந்துவிடும். பால்குடிக் குட்டிகளும் அவற்றை அடைக்கிற பட்டிக் கூடைகளும் நடக்குமா?

துருப்பிடித்த நட்டில் மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டு நெம்பினான். பழைய கண்ணாடிகளை உடைத்தது அவனேதான். மகள் சுடலைச்செல்வியின் காரியம் முடிந்த மறுநாள், கல்லை எடுத்து இரண்டையும் நொறுக்கினான். யாரும் தடுக்கவில்லை.

வெள்ளாட்டுக் கிடாவுக்குக் கண்ணாடியில் இன்னொரு கிடாவைக் கண்டுவிட்டால் ஆகாது. பின்னங்காலில் எழும்பி நின்று ஒரே முட்டு. அதனால் ஆடு வைத்திருக்கிறவர்கள் வண்டியை நிறுத்தின கையோடு கண்ணாடிகளுக்குச் சாக்கைக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு எட்டயபுரம் சந்தைக்கு நேரமாகிவிட்டது. தன் பக்கத்துச் சாக்கை அவிழ்த்தவன், அந்தப் பக்கம் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, இடப்பக்கத்தை அப்படியே விட்டு ரிவர்ஸ் எடுத்தான். பொட்டல் வெயிலில் வண்டி நிழலைத் தவிர வேறு நிழலில்லை. மூன்று வயதுப் பிள்ளை இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

சாவுக்குத் துட்டி விசாரிக்க வந்த சித்தப்பா ஆறுமுகசாமி, "சாக்கு இல்லன்னாலும் அம்புட்டுப் பொடிசு கண்ணாடியில தெரியாதுடா" என்றார். தங்கச்சாமி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு தின்றான். அவன் மனைவி அழகுத்தாய் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டில் சோறு வைப்பாள்; போய்விடுவாள். அவனோடு பேச்சே கிடையாது.

இரண்டு கண்ணாடிகளையும் மாட்டி முடித்து அவன் சீட்டில் ஏறினபோது அவள் தொழுவிலிருந்து வந்தாள்.

"பின்னால ஆள் நின்னாத்தான கண்ணாடியச் சரியாத் திருப்ப முடியும்?" என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பேசின பேச்சு. தங்கச்சாமி சீட்டில் இடப்பக்கமாகச் சரிந்தான். இடப்பக்க ஜன்னல் வழியாக எட்டிக் கண்ணாடியைத் திருப்பினான். முதலில் வானம் தெரிந்தது, அப்புறம் தொழுவின் கூரை, அப்புறம் பின்சக்கரத்துப் பக்கமாக நின்ற அவள்.

"தெரியுது. போதும், நீ போ."

அவள் போகவில்லை. வண்டி நிழலுக்குள் வந்து, சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஒருபக்கமாக மடக்கி, பிள்ளை உட்காருவது போலவே, தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"இப்ப?"

தங்கச்சாமிக்கு எல்லாம் விளங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான். குனிந்த தலையின் வகிடு தெரிந்தது. மண்ணில் ஊன்றிய கை, கால் பெருவிரல் வரைக்கும் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். நம்பிவிட்டால் இரண்டு பேரும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். 

"தெரியுதா, இல்லையா? சொல்லுங்க."

"தெரியுது."

"முழுசாவா?"

"முழுசா."

அவன் அழுதான். அவள் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வெயில் சாயச் சாய நிழல் விலகி அவள் முதுகில் சூடு ஏறியது. கண்ணாடிக்குள் அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, நிழல் மிச்சமிருந்த இடத்துக்கு, சக்கரத்தை ஒட்டி வந்தாள்.