கூரை மூலை உளவாளி

அவள் போன பதினேழாம் நாள், காலை பத்து மணிக்கு, கூரை மூலைப் பெட்டியில் கோளாறு என்று ஒரு பொறியாளர் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவர் முகம் இப்போது எனக்கு நினைவில்லை. கொண்டுவந்த மடக்கு ஏணி மஞ்சள் நிறம் என்பது நினைவிருக்கிறது.

"சார், உங்க வீட்டுல ரெண்டு பேர்னு பதிவு. ஒரு வாரமா ஒருத்தரைத்தான் காட்டுது. உள் ரூம் பெட்டிதான் மக்கர் பண்ணுது போல. அஞ்சு நிமிஷத்துல பார்த்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏணியை விரித்துவிட்டார்.

நான் முப்பத்தொரு வருடம் கைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவன். டூ-ஜி என்ற இரண்டாம் தலைமுறைக்குக் கோபுரம் ஏறினேன். மூன்றாவதற்கும் ஏறினேன். நான்காவதில் முழங்கால் போய்விட்டது. கீழே நின்று மற்றவர்களை ஏற்றினேன். ஐந்தாவதில் நாற்காலி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை என்பேனாம்.

"நாலு தடவை சொல்லிட்டீங்க. நாலு தடவையும் நல்லா இருந்த போனைத் தூக்கிப் போட வச்சீங்க" என்பாள் அவள்.

அடுத்த தலைமுறையைச் சோதித்துப் பார்க்க, ஓய்வு பெற்றவர்களின் வீடுகளைக் கேட்டார்கள். முதல் ஆளாகக் கை தூக்கினேன். அறைக்கு ஒரு பெட்டியைக் கூரை மூலையில் மாட்டிவிட்டுப் போனார்கள். அந்த அலை பேச்சை மட்டும் கொண்டுபோவதில்லை. அறையில் இருப்பவர் மேல் பட்டுத் திரும்பி, அவர் எங்கே இருக்கிறார், நிற்கிறாரா படுத்திருக்கிறாரா, மூச்சு எப்படிப் போகிறது என்றெல்லாம் சொல்லும். படம் கிடையாது, குரல் கிடையாது. ஆளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவள் அதற்கு உளவாளி என்று பெயர் வைத்தாள். குளித்துவிட்டு வரும்போது, "டேய் உளவாளி, அந்தப் பக்கம் திரும்பு" என்று கூரை மூலையை அதட்டுவாள்.

பொறியாளர் இரண்டாவது படியில் ஏறியபோதுதான் சொன்னேன்: "கோளாறு ஒண்ணும் இல்ல. என் மனைவி தவறிட்டா."

அவர் இறங்கினார். "ஐயோ, மன்னிச்சிடுங்க சார். எங்களுக்கு யாருமே சொல்லல."

"நான்தான் சொல்லியிருக்கணும்."

"எப்படி சார்?"

"தூக்கத்துலயே. மதியம் படுத்தவ எழுந்திருக்கல."

வாய் தானாகவே சொல்லும் அளவுக்கு அந்த வாக்கியம் பழகியிருந்தது. மருத்துவர், "தூக்கத்துல போயிருக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்த 'லாம்'-ஐ விட்டுவிட்டு மகளிடம் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பொறியாளர் மடிக்கணினியைத் திறந்தார். "பெட்டியைக் கழட்டிடலாம் சார். முப்பது நாள் பதிவு உள்ளே இருக்கும். நீங்க சம்மதிச்சா அதையும் இப்பவே அழிச்சிடலாம்."

"அப்போ அந்த நாளும் இருக்கா?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இருக்கும். பார்க்காதீங்க சார், வேணாம்."

"இத்தனை வருஷம் அளந்து அளந்தே பொழைச்சவன்மா நான். காட்டுங்க."

திரையில் என் வீடு கோடுகளாக வந்தது. மதியம் இரண்டு மணி. உள் அறையில் படுத்தபடி ஒரு புள்ளி. முன்னறையில் உட்கார்ந்தபடி ஒரு புள்ளி, அது நான். அன்று எங்கள் பழைய ஊழியர்களின் இணையக் கூட்டம். இன்னொரு தலைமுறை எதற்கு என்று யாரோ கேட்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறை வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டரையிலிருந்து நாற்பது நிமிடம் விளக்கம் சொன்னேன்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு உள் அறைப் புள்ளி எழுந்தது. நடைவழியில் சுவரோரம் ஒரு முறை நின்றது. பிறகு மெதுவாக முன்னறை வாசலுக்கு வந்து அங்கேயே நின்றது.

"கொஞ்சம் வேகமா ஓட்டவா சார்?"

"வேணாம்."

நான்கு நிமிடம். அடியில் ஒரு கோடு நெருக்கி நெருக்கி ஏறி இறங்கியது. அது என்னவென்று கேட்டேன். "அவங்க மூச்சு. கொஞ்சம் வேகமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அந்தப் புள்ளி திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று இருபதுக்கு வீட்டில் ஒரு புள்ளிதான் இருந்தது. மூச்சில்லாததை அந்தப் பெட்டி ஆளாக எண்ணாது. நான் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனது நான்கு மணிக்கு.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அரை அடிகூடப் பிசகாமல் காட்டுகிறதே என்று நினைத்தேன். எங்கள் காலத்தில் ஒரு ஆள் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொன்னாலே பெரிய விஷயம்.

"அங்க நின்னாளே, எந்தப் பக்கம் பார்த்து நின்னா? என் பக்கமா, தெருக்கதவுப் பக்கமா?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். எனக்காகத்தான் தட்டியிருப்பார். "அது இதுல தெரியாது சார். இதுக்கு அடுத்த தலைமுறையிலதான் வரும்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அழிச்சிடவா?" என்றார்.

"அழிச்சிடுங்க. என் பொண்ணு கேட்டா இப்படி ஒண்ணு இருந்ததுன்னே சொல்லாதீங்க. அதுக்கு முன்னாடி, அந்த நாலு நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். இந்த முறை நான் வாசலைப் பார்க்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்த புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.