பொட்டு வைத்த கார்டுகள்

சாமி மேடையில், அம்மாவின் அரிவாளுக்கும் அண்ணனின் லோரிச் சாவிக்கும் நடுவில், தன் கணினிக்கு வந்த இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளும் வாழையிலை மேல் கிடப்பதைப் பார்த்ததும் மோகனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செனவாங் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டு முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். பெட்டிகள் கிழிந்து மூலையில் கிடந்தன. சூட்டைத் தணிக்க ஒரு கார்டுக்கு இரண்டு காற்றாடிகள். நான்கு காற்றாடிகளின் நடுவிலும் அம்மா சந்தனத்தை அப்பி, அதன்மேல் தாராளமாகக் குங்குமம் வைத்திருந்தாள். ஆயுத பூஜையாம்!

"யாரு பெட்டிய பிரிச்சது?"

"நான்தான்லா," என்றான் அண்ணன் தர்மேந்திரன், சுண்டலை மென்றுகொண்டே. "லோரிக்குப் பொட்டு வச்சாச்சு. ஒன் சாமானுக்கு வேணாமா?"

அவள் கேட்டது ஒரே ஒரு கார்டு. புதிதாக வந்தது. அதன் பெயரைத் தாளில் எழுதி, பத்து மாத ஓவர்டைம் காசையும் கையில் கொடுத்து, தனக்கு ஷிஃப்டு இருந்ததால் லோபாக்கிலிருக்கும் கணினிக் கடைக்கு அண்ணனை அனுப்பினாள். அதுதான் அவள் செய்த மடத்தனம். அவன் கடைக்காரர் பேச்சில் மயங்கி, அதே விலைக்கு இரண்டு பழைய கார்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, என்னவோ மலையைப் புரட்டியவன் மாதிரி நின்றான். இரண்டையும் இணைத்தால் இரண்டு மடங்கு சக்தியாம். லோரிக்குப் பின்னால் பக்கத்துக்கு ரெண்டு டயர் எதுக்குப் போட்டிருக்கான் தெரியுமா என்று அவளுக்கே பாடம் நடத்தினான். தான் கணினியில் விளையாடும் ஆட்டம் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும், இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "கடைக்காரருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றான். பெண்பிள்ளைக்கு விளையாட்டே அதிகம், இதில் கார்டைப் பற்றிப் பேச்சு வேறா என்பதுதான் அதற்கு அர்த்தம். அது அவளுக்குப் புரியாதா என்ன?

சனிக்கிழமை அந்த ஆட்டத்தின் போட்டிக்குத் தேர்வுச் சுற்று. ஐந்து பேர் குழுவில் அவள் ஒருத்தி. போன முறை முக்கியமான நேரத்தில் அவளுடைய திரை உறைந்து நின்று, அவளால்தான் குழு தோற்றது. இன்னொரு தடவை உறைந்தால் அந்த இடம் வேறொருத்திக்கு என்று மற்ற நால்வரும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். இந்தப் பழைய கார்டை நம்பினால் நிச்சயம் உறையும். வாங்கியபடியே கொண்டுவந்தால் மூன்று நாளுக்குள் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். இன்று மூன்றாவது நாள். ஆறு மணிக்குக் கடை சாத்திவிடும்.

அவள் மேடைப் பக்கம் போனதும் அம்மா குமுதவல்லி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஐயையோ, கை வைக்காதடி! படைச்ச சாமான நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். என் அருவாளே அங்கதான் கெடக்கு. நான் இன்னிக்கி வேலைக்குப் போனனா?"

போகவில்லைதான். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மா வீட்டில் இருந்தாள். மோகனாவும் பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த நாளில் ஒரு பென்சிலைக்கூட மேடையிலிருந்து எடுத்ததில்லை. இன்று இரண்டு கார்டுகளையும் ஒரே கையில் அள்ளினாள். குங்குமம் இலையில் கொட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோட்டர எடு," என்றாள் அண்ணனிடம். "நீ வாங்கினதுதானே? நீயே வந்து நில்லு."

ரந்தாவிலிருக்கும் வீட்டிலிருந்து லோபாக் போய்ச் சேரும்வரை, மோட்டார் சைக்கிளில் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து கார்டுகளை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் முருகப்பன் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்குப் பொட்டு, ஷட்டருக்குப் பொட்டு, வரிசையாக நின்ற திரைகளுக்கெல்லாம் பொட்டு. அலமாரியில் அவள் தாளில் எழுதிக் கொடுத்த அதே புதுக் கார்டு இருந்தது. அந்தப் பெட்டிக்கும் பொட்டு.

அவர் கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு அண்ணனிடம் பேசினார். "என்ன தம்பி இது? சந்தனம் பூசின பொருள எப்படித் திருப்பி எடுக்கிறது? தங்கச்சிக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"ரெண்டும் சேந்து ஓடும்னு சொன்னீங்களே, பாஸ்," என்றான் தர்மேந்திரன் மெதுவாக.

"ஓடுமே. டபுளா ஓடும்."

மோகனாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அந்தப் புதுப் பெட்டியிலயும்தான் பொட்டு இருக்கு. அத புதுசுன்னுதானே விப்பீங்க? நீங்க வச்சா பூஜை, எங்கம்மா வச்சா அழுக்கா?"

கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"டபுளா ஓடும்னீங்கல்ல? மாட்டுங்க. இங்கயே ஓட விடுங்க. ரெண்டும் ஓடுச்சுன்னா நான் வாய மூடிக்கிட்டுப் போறேன்."

"இன்னிக்கி மெஷின தொடமாட்டோம்மா. பூஜை."

"தொடமாட்டீங்க. ஆனா விப்பீங்க."

யாரோ சிரித்தார்கள். முருகப்பனின் முகம் சுருங்கிவிட்டது. மேசையில் மூடியில்லாமல் இருந்த சோதனைக் கணினியில் இரண்டு கார்டுகளையும் வேண்டாவெறுப்பாகச் செருகி, இரண்டையும் சேர்க்கும் இணைப்பையும் மாட்டினார். மோகனா தன் கணக்கைத் திறந்து ஆட்டத்தைத் தொடங்கினாள். திரையில் ஊர் எரிந்தது. அவள் ஓடினாள், சுட்டாள். படம் இழுத்து இழுத்து நகர்ந்தது.

சற்று நேரத்தில் முதல் கார்டு சூடேறி அதன் காற்றாடிகள் விர்ரென்று சுழன்றன. குங்குமம் எகிறி முருகப்பனின் வெள்ளைச் சட்டையிலும் கையிலும் முகத்திலும் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. கடிகாரத்தில் ஆறு மணியாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மோகனா அவர் முகத்தைப் பார்த்தபடியே ஆட்டத்தை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தாள்.

தர்மேந்திரன் குனிந்து இரண்டாவது கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் காற்றாடிகள் அசையவே இல்லை. நடுவில் அம்மா வைத்த பொட்டு, அவளுடைய கட்டைவிரல் ரேகையோடு, அப்படியே இருந்தது.