ஈரோடு வழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் காலை, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் சாந்தாமணிக்கு வலி கண்டுவிட்டதென்று தந்தி வந்தது. முதற் பேற்றில் இரண்டு நாள் துடித்தவள் அவள். குழந்தையும் கழுத்தில் கொப்பூழ்க்கொடி மாலை சுற்றிப் பிறந்தது. அன்று இரண்டு உயிரையும் காத்தவை என் மனைவி ராசாத்தாளின் கைகளே. ஆதலால் அவள் விரைந்து சென்று சேர வேண்டியிருந்தது.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் நான் முந்திச் சென்று இரண்டு டிக்கெட்டுகள் வாங்கினேன். அவற்றில் ‘ஈரோடு வழி’ என அச்சிட்டிருந்ததை அவளுக்கு உரக்க வாசித்தும் காட்டினேன்.

“ஈரோட்டுத் தடத்துல போனா எப்பங்க போய்ச் சேருவம்?”

“திருச்சி சுத்தி எறநூறு மைல் போகோணும். நாளைக்குக் காலம்பர.”

“பழனித் தடத்துல?”

“நூறு மைல்தான், இன்னிக்குப் பொழுதோட. ஆனா பழனியத் தாண்டி, மலையேறாமப் போறதாவது, ராசாத்தா? சாமி குத்தமாயிருமல்லோ!”

பழனி வரை சென்றும் மலையேறிக் கும்பிடாமல் கடந்துபோவது எங்கள் பக்கத்தில் வழக்கமன்று. அதை மதித்தே நான் சுற்றுவழியைத் தெரிந்தெடுத்திருந்தேன்.

“புள்ளை அங்க துடிச்சுட்டுக் கெடக்கறா. நம்மளத் திருச்சி சுத்திட்டு வாங்கன்னு முருகன் சொன்னானாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. “இனி என்ன பண்றது? ஈரோடுன்னு அச்சடிச்சுப்போட்டாங்க. வேற தடத்துல ஏறுனா எறக்கி உட்டுருவாங்க.”

அச்செழுத்தை எதிர்த்துக் கேட்க எனக்குத் துணிவு பிறக்கவில்லை; எழுத்தறியாத அவளுக்கு அது இருந்தது. பொள்ளாச்சி, பழனி வண்டியைப் பிடிக்கப் போத்தனூர் செல்ல வேண்டும். அவ்வூர் செல்லும் வண்டியோ புறப்பட ஆயத்தமாய் நின்றது. அவள் டிக்கெட்டுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் நரசிம்மலு நாயுடுவின் முன் போய் நின்றாள்.

“ஏனுங்க, எறநூறு மைல் சுத்தறதுக்கு டிக்கெட் எடுத்துப்போட்டமுங்க. இப்ப நூறு மைல்லயே போய் எறங்கிக்கறமுங்க. இதுல ரயிலுக்கு என்னங்க நட்டம்?”

அவர் சிரித்தார். பின்னர்த் தம் கைப்புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“நட்டமே இல்லீங்க, அம்மணி. நீளத் தடத்து டிக்கெட்டுல குட்டைத் தடத்துல போலாம். மிச்சம் மட்டும் திருப்பித் தரமாட்டம். படிச்சவங்க ஒருத்தரும் எங்கிட்ட இதக் கேட்டதில்லீங்க!”

இவ்வாறு கூறி, டிக்கெட்டுகளின் பின்புறத்தில் ‘பழனி வழி’ எனப் பென்சிலால் எழுதிக் கையொப்பமிட்டார்.

பழனியில் வண்டி நின்றபோது ராசாத்தாள் எழுந்தாள்; மலை கண்ணுக்கு மறையும்வரை கைகூப்பி நின்றாள்.

“கோவிச்சுக்காத சாமி, அவசரம்” என்று, அண்டை வீட்டாரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பொழுது சாய்கையில் போய்ச் சேர்ந்தோம். இம்முறையும் மாலை சுற்றியிருந்தது. அவள் கைகள் அதனை விடுவித்தன.

ஈரோடு வழியாக நாங்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய மறுநாட் காலையில், எங்கள் பேத்தி அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

“மூணாம் மாசம் இவளத் தூக்கிட்டுப் பழனி மலையேறோணுமுங்க,” என்றாள் ராசாத்தாள். “டிக்கெட்ட நீங்களே எடுங்க. எந்தத் தடம்னு மட்டும் என்னையக் கேட்டுட்டு எடுங்க.”