முப்பத்தோராவது சீட்டு

அந்தச் சலவைக் கூடத்தில் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள் அவள்தான். அதனால் பட்டியல் என்றே பேர் விழுந்துவிட்டது. வேலைநிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று சங்கம் வாக்கெடுப்பு வைத்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் அவளைத்தான் உட்கார வைத்தார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது. சங்கத்தில் அறுபத்தொரு பேர். அதில் பாதிக்கு மேல், அதாவது முப்பத்தோரு பேராவது, நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாக்களித்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வேலைநிறுத்தத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது. நிர்வாகம் யாரை வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

பெட்டியில் சரியாக முப்பத்தோரு சீட்டு விழுந்தது. அதில் இரண்டு சீட்டு பட்டியலின் கையால் விழுந்தவை. ஒன்று அவளுக்கு, இன்னொன்று மடிப்பக்காவுக்கு.

மடிப்பக்கா அவளுடைய மேசைக் கூட்டாளி. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனை ஒருத்தி, அந்த முனை ஒருத்தி. கட்டிய மூட்டையின் மேல் செருகும் துண்டுத் தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். யார் கை சும்மா இருக்கிறதோ அவளே இரண்டையும் கிறுக்கிவிடுவாள். கூடத்தில் எல்லா மேசையிலும் அப்படித்தான். வாக்கெடுப்பு நாளில் அக்கா வீட்டில் இருந்தாள். மூடியில்லாத இஸ்திரி இயந்திரத்தின் ஆவி அடித்து வலது கை வெந்துபோயிருந்தது. அந்த மூடிக்காகத்தான் வேலைநிறுத்தமே.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். “ஏய், எனக்கும் சேர்த்து நீயே போட்டுடு. வேணும்னு போடு. தூக்கக் கலக்கத்துல வேண்டாம்னு போட்டுத் தொலைக்காதே.”

“சரிக்கா.”

சீட்டைப் போட்டாள், வாக்காளர் லிஸ்டில் பேருக்கு நேரே அக்காவின் கையெழுத்தையும் போட்டாள். மூட்டைத் தாளில் போடுவது போலத்தான். அதற்கு மேல் ஒரு நினைப்பும் ஓடவில்லை.

சாயங்காலம் சங்கச் செயலாளர் பாய்லர் அண்ணன் எண்ணி முடித்து, “முப்பத்தொண்ணு! தப்பிச்சோம்டா சாமி!” என்று கத்தியபோதுதான் அக்காவின் சீட்டு இல்லாவிட்டால் முப்பதுதான் என்று அவளுக்கு உறைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் நிர்வாகத்துக்கு வேலைநிறுத்த நோட்டீஸ் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வதற்குக் கொஞ்சம் லேட்டாகிக்கொண்டே போனது.

வேலைநிறுத்தத்தின் ஒன்பதாவது நாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது. ‘விடுப்பில் இருந்த நாளில் நீங்கள் வாக்களித்தது எப்படி? வியாழன் பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு வரவும்.’

சைக்கிள் கடை மாடியில் இருந்த சங்க அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பட்டியல் எல்லாவற்றையும் சொன்னாள். பாய்லர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“வேற யாராவது செஞ்சிருந்தா மடத்தனம்னு விட்டுடுவேன். நீ ரூல் புக்கைத் தலைகாணிக்கு அடியில வச்சுத் தூங்குறவ.”

“நானே போய் ஒத்துக்கிறேண்ணே.”

“ஒத்துக்கிட்டு? அறுபது பேரையும் தெருவுல நிறுத்தப் போறியா?”

“அவளை விடு,” என்றாள் அக்கா. “அன்னைக்கு நான் பஸ் ஏறி வந்தேன், போட்டேன், போயிட்டேன். முடிஞ்சுது கதை. பதினஞ்சு வருஷமா சூப்பர்வைசர்கிட்ட எத்தனை பொய் சொல்லியிருக்கேன், இது என்ன பிரமாதம்?”

சிரிக்கத்தான் சொன்னாள். அண்ணன் சிரித்தார். பட்டியலும் சிரித்து வைத்தாள். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. ஓரத்தில் நிர்வாகத்தின் வக்கீல். இந்தப் பக்கம் அக்கா, துணைக்குப் பட்டியல்.

“அன்னைக்கு நீங்க நேர்ல வந்தீங்களாம்மா?”

“வந்தேங்க.”

“வெந்த கையோடவா கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமாங்க. மெதுவாப் போட்டேன்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டு வாசித்துக் காட்டினார். சரி என்று அக்கா தலையாட்டினாள். பட்டியல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினேழு.

வக்கீல் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “இதுலயும் அதே மாதிரி மெதுவாவே போடுங்கம்மா. அவசரமில்ல.”

அக்கா பேனாவை எடுத்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் இன்னும் சிவப்பாக இருந்தன. பேனா நழுவியது. மறுபடி எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் எழுத்தின் வளைவைப் போட்டபோது நெற்றியில் வேர்த்துவிட்டது.

“அது என் கையெழுத்து,” என்றாள் பட்டியல். “லிஸ்ட்ல இருக்கறது நான் போட்டது. அக்கா அன்னைக்கு வரவே இல்ல.”

வக்கீல் அவளைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். “அப்போ இவங்க இப்போ பதிவுல சொன்னது?”

அந்த ஒரு கேள்வியில்தான் பட்டியலுக்குப் புரிந்தது. பத்து மணிக்குச் சொல்லியிருந்தால் அக்கா விடுப்பில் இருந்த நோயாளி. பத்து பதினெட்டுக்குச் சொன்னதால் அதிகாரி முன் பொய் சொன்னவள். உண்மையைச் சொல்லவும் நேரம் பார்க்கத் தெரியாமல் போயிற்று அவளுக்கு.

“பழைய வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கிறீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“வாங்கிக்கிறேங்க,” என்றாள் அக்கா. இடது கட்டைவிரலை மையில் தொட்டு உருட்டினாள்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது பட்டியல், “அக்கா, பேனாவைப் பிடிக்க நீ பட்ட பாட்டைப் பார்த்து என்னால...” என்று ஆரம்பித்தாள்.

“உனக்கு நெஞ்சு லேசாயிடுச்சு இல்ல?” அக்கா குரலை உயர்த்தவில்லை. “நான் துணிஞ்சுதான் உள்ள போனேன். நீ நேத்தே நிறுத்தியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருந்தாலும் எப்படியோ கிறுக்கித் தள்ளியிருப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல வந்து விழுந்த பாரு.”

சலவைக் கூடத்து வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். பாய்லர் அண்ணன் ஒதுங்கி நின்றார். “நீயே சொல்லு. நான் சொன்னா உன்னை மறைச்ச மாதிரி ஆயிடும்.”

சொன்னாள். நாள் கணக்காக வெயிலில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. பின்னாலிருந்து யாரோ, “பட்டியல்ல ஒரு வரி தப்பாப் போச்சு, நம்ம பொழப்பே போச்சு,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

“இப்ப என்ன பண்றது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உள்ள போகணும். யார் யாரைச் சேர்த்துக்கறாங்கன்னு பார்க்கணும். அப்புறம் புதுசா வாக்கெடுப்பு வைக்கலாம். சட்டம் விடுது,” என்றாள் பட்டியல்.

“அக்காவை?”

பட்டியல் சாலைப் பக்கம் திரும்பினாள். அக்கா எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள். பஸ் வந்தது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறுவதைப் பட்டியல் இங்கிருந்தே பார்த்தாள்.